வெயிலும் குளிரும் கைக்குழந்தையும்: முதல் வருடத்துக்கான வழிகாட்டி

குழந்தை வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே வாக்குவாதம் ஆரம்பித்துவிடும். ஒருவர் ஃபேனைப் போடச் சொல்வார், இன்னொருவர் நிறுத்தச் சொல்வார். ஒருவர் தொப்பி மாட்டிவிடுவார், அடுத்தவர் கழற்றிவிடுவார். அவரவர் உடம்புக்கு எப்படி இருக்கிறதோ அதை வைத்துத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். முதல் முறை அம்மாவோ அப்பாவோ ஆனவர்கள் நடுவில் குழம்பிப் போகிறார்கள். இந்த வழிகாட்டி அவர்களுக்காக. இதில் வரும் எல்லாமே ஒரே பழக்கத்தைச் சுற்றித்தான் இருக்கும்: காலண்டரையும் நம் உடம்பையும் விட்டுவிட்டு, குழந்தையின் உடம்பைத் தொட்டுப் பார்த்து முடிவெடுப்பது.

குழந்தையின் உடம்பு ஏன் தடுமாறுகிறது

பிறந்த குழந்தையின் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோலின் பரப்பு மிக அதிகம். பெரியவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு என்று சொல்லலாம். வெப்பம் வெளியே போவதும் உள்ளே வருவதும் தோல் வழியாகத்தான். அதனால் குளிரில் சீக்கிரம் குளிர்ந்துவிடும், சூட்டில் சீக்கிரம் சூடாகிவிடும். உடம்பில் தலையின் பங்கும் பெரிது. ஈரத் தலையோடு விட்டால் குழந்தை சில நிமிடங்களிலேயே குளிர்ந்துபோவது இதனால்தான்.

நமக்குக் குளிரெடுத்தால் உடம்பு நடுங்கும். அந்த நடுக்கமே சூட்டை உண்டாக்கும். பச்சிளங்குழந்தைக்கு அப்படி நடுங்கத் தெரியாது. அதற்குப் பதிலாகக் கழுத்திலும், தோள்பட்டைகளுக்கு நடுவிலும், சிறுநீரகங்களைச் சுற்றியும் பழுப்புக் கொழுப்பு என்ற ஒன்று இருக்கிறது. குளிரும்போது உடம்பு அதை எரித்துச் சூடாகப் பார்க்கும். அந்த வேலைக்கு ஆக்சிஜனும் சர்க்கரையும் செலவாகும். குளிர்ந்துபோன பச்சைக் குழந்தைக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும் என்று மருத்துவர்கள் கவலைப்படுவதன் காரணம் இதுதான். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்கும் இந்தக் கொழுப்பே கொஞ்சம்தான் இருக்கும். அவர்களுக்குக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

சூட்டிலும் இதே கதைதான். வியர்வைச் சுரப்பிகள் முழுதாக வேலை செய்யத் தொடங்கியிருக்காது. புழுக்கமாக இருந்தால் நாம் போர்வையை உதறுவோம், தண்ணீர் குடிப்போம், நிழலுக்குப் போவோம். குழந்தையால் இதில் ஒன்றும் முடியாது. அதற்காக இதையெல்லாம் நாம்தான் செய்ய வேண்டும்.

முதல் படி: எங்கே தொட்டுப் பார்ப்பது

கையையும் காலையும் தொட்டுப் பார்த்து, ‘ஐயோ சில்லென்று இருக்கிறதே’ என்று இன்னொரு உடுப்பை மாட்டுவதுதான் பெரும்பாலோர் செய்வது. முதல் சில மாதங்களில் கைகால் நுனிகளுக்கு ரத்த ஓட்டம் மெதுவாகத்தான் இருக்கும். பிறந்த சில நாட்களுக்கு அவை லேசாக நீலம் பாய்ந்தும் தெரியலாம். உதடும் நாக்கும் இளஞ்சிவப்பாக இருந்தால் இதற்குப் பயப்பட வேண்டாம்.

நீங்கள் தொட வேண்டியது நெஞ்சு, முதுகு, பிடரி. உங்கள் கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொடுங்கள். அந்த இடம் இதமான சூட்டோடு, ஈரமில்லாமல் இருந்தால் குழந்தை நன்றாக இருக்கிறது. பிடரி நனைந்து, நெஞ்சு கொதித்து, கன்னம் சிவந்திருந்தால் உடை அதிகம். நெஞ்சே சில்லென்று இருந்தால் குழந்தை உண்மையிலேயே குளிர்ந்துவிட்டது.

ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் பிடரியில் ஒரு விரல் வைத்துப் பாருங்கள். சில நாட்களில் கை தானாகவே பழகிவிடும்.

இரண்டாம் படி: ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர்

கை சந்தேகத்தைக் கிளப்பும். உறுதி செய்ய எண் வேண்டும். பாதரசம் உள்ள பழைய கண்ணாடி தெர்மாமீட்டர் வேண்டாம், உடைந்தால் ஆபத்து. டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியை அக்குளில் வைத்து, கையை உடம்போடு சேர்த்துப் பிடித்து, சத்தம் வரும்வரை காத்திருங்கள்.

உலக சுகாதார நிறுவனம் பச்சிளங்குழந்தைக்கு இயல்பு என்று சொல்வது 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை. ஃபாரன்ஹீட்டில் ஏறக்குறைய 97.7 முதல் 99.5. இந்த இரண்டு எல்லைகளையும் எங்காவது எழுதி ஒட்டி வையுங்கள். நடுராத்திரியில் நினைவுக்கு வராது.

நன்றாகச் சுற்றி வைத்திருந்த குழந்தைக்கு 37.5-க்குச் சற்று மேலே காட்டினால், சுற்றியதைத் தளர்த்திவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். குறைந்திருந்தால் அது துணிச் சூடு. ஆனால் குழந்தை சோர்ந்திருக்கிறது, பால் குடிக்கவில்லை என்றால் இப்படிக் காத்திருக்காதீர்கள். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 38 டிகிரியைத் தொட்டுவிட்டால் அன்றைக்கே, அப்போதே மருத்துவரிடம் போக வேண்டும். அந்த வயதில் காய்ச்சல் ஒன்றே பெரிய தொற்றின் ஒரே அடையாளமாக இருக்கலாம். ‘வெயில் சூடுதான், சரியாகிவிடும்’ என்று நாமே தீர்ப்பு எழுதக் கூடாது. காய்ச்சல் மருந்தும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

மூன்றாம் படி: உடையும் தூக்கமும்

அந்த அறையில் பெரியவர் ஒருவர் வசதியாக இருக்க எத்தனை அடுக்கு உடை வேண்டுமோ, அதைவிட ஒரே ஒரு அடுக்கு கூடுதல் போதும். வெயில் காலத்தில் அந்த ஒன்றும் வேண்டாம். மெல்லிய பருத்திச் சட்டையும் டயப்பருமே தாராளம். ஒரே ஒரு தடித்த உடுப்பைவிட மெல்லியதாக இரண்டு மூன்று நல்லது. வேண்டாதபோது ஒன்றைக் கழற்றிவிடலாம்.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆரோக்கியமாக இருந்த குழந்தை தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறந்துபோவதைத் திடீர் சிசு மரணம் என்கிறார்கள். உடம்பு அளவுக்கு மீறிச் சூடாவது அதன் ஆபத்தைக் கூட்டும் காரணங்களில் ஒன்று. குப்புறப் படுப்பது இன்னொன்று. அமெரிக்காவில் 1994-ல் குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லி நாடு தழுவிய பிரசாரம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் இந்த மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அதனால் எந்தப் பருவமானாலும் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணை, தளர்ந்த போர்வை, மெத்தென்ற பொம்மை எதுவும் பக்கத்தில் வேண்டாம். வீட்டுக்குள் தூங்கும்போது தொப்பியும் வேண்டாம். அதிகச் சூட்டைக் குழந்தை தலை வழியாகத்தான் வெளியேற்றுகிறது. தொப்பி நழுவினால் முகத்தையும் மூடும். குளிரும் என்று பயந்தால் கை நுழைத்து மாட்டும் தூக்கப் பை நல்ல வழி. கழுத்துக்கு மேலே ஏறாது, உதைத்தாலும் விலகாது. துணியில் இறுகச் சுற்றும் பழக்கம் இருந்தால், குழந்தை புரள முயல்வது தெரிந்த நாளிலேயே நிறுத்திவிடுங்கள்.

அறையின் வெப்பநிலை 16 முதல் 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று படித்திருப்பீர்கள். அது பிரிட்டன் போன்ற குளிர் நாடுகளில், தூக்கப் பையில் தூங்கும் குழந்தைகளுக்கான கணக்கு. அதை அப்படியே எடுத்துக்கொண்டு, வெப்ப நாட்டில் மெல்லிய சட்டையில் இருக்கும் குழந்தைக்கு ஏசியை 18-ல் வைக்க வேண்டாம். மெல்லிய உடையில் நீங்கள் புழுக்கமும் குளிரும் இல்லாமல் உட்கார முடிகிறதா? குழந்தைக்கும் அது சரி. ஏசியோ ஃபேனோ, காற்று நேராக முகத்தில் அடிக்காமல் இருந்தால் போதும். ஃபேன் போட்டால் சளி பிடிக்கும் என்பதில் உண்மையில்லை. ஆனால் அறைக்காற்றே 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஃபேன் குளிர்விக்காது, சூடான காற்றைத்தான் உடம்பின் மேல் தள்ளும். அப்போது வேறு குளிர்ந்த இடம் தேட வேண்டும்.

வெயில் காலத்தில்

முதலில் பால். ஆறு மாதம் முடியாத குழந்தைக்கு எவ்வளவு வெயில் அடித்தாலும் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் 100-க்கு 88 பங்கு தண்ணீர்தான். கூடுதலாகத் தண்ணீர் கொடுத்தால் சின்ன வயிறு அதிலேயே நிரம்பிப் பால் குறையும். அது மட்டுமில்லை, ரத்தத்தில் உப்புச்சத்து நீர்த்துப்போய் வலிப்புகூட வரலாம். பால்மாவைக் கூடுதல் தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைப்பதிலும் இதே ஆபத்துதான். வெயில் நாளில் குழந்தை அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கேட்கும். கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். தூங்கிக்கொண்டே இருந்தால் எழுப்பிக் கொடுங்கள். பால் கொடுக்கும் தாய்க்கு முதலில் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் கையில் போக வேண்டும். சுற்றி இருப்பவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை இது. ஆறு மாதத்துக்கு மேல், மற்ற உணவு தொடங்கியபின், சாப்பிடும்போது சில வாய் தண்ணீர் கொடுக்கலாம்.

பாலை வெளியே வைக்கும் நேரமும் வெயிலில் குறைந்துவிடும். கறந்து வைத்த தாய்ப்பால் 25 டிகிரி அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். அதைவிடச் சூடான அறையில் அவ்வளவு நேரத்தை நம்ப வேண்டாம். கரைத்த பால்மாவுக்கு இரண்டு மணி நேரம்தான் கணக்கு. குழந்தை வாய் வைத்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். வெயில் காலத்து வயிற்றுப்போக்கு பல வீடுகளில் இப்படித்தான் தொடங்குகிறது.

உடம்பில் நீர் போதுமா என்பதை டயப்பர் சொல்லும். முதல் வாரம் கழிந்த குழந்தை ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர் கழிக்க வேண்டும், நிறம் வெளிறி இருக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தாலோ, அடர் மஞ்சளாகப் போனாலோ, வாய் உலர்ந்தாலோ, அழும்போது வழக்கமாக வரும் கண்ணீர் வராமல் போனாலோ நீர் குறைகிறது. (பிறந்த சில வாரங்களுக்குக் கண்ணீர் எப்படியும் வராது.) உச்சிக்குழி உள்வாங்கியிருந்தால், கண்கள் குழி விழுந்திருந்தால் வீட்டு வைத்தியம் பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டது.

வேர்க்குரு வந்தால் கவலை வேண்டாம். வியர்வைக் குழாய்கள் அடைபட்டுக் கழுத்து மடிப்பிலும் முதுகிலும் சின்னச் சின்னப் பொரிகளாக வரும். குளிர்ச்சியான அறை, தளர்ந்த பருத்தி உடை, மடிப்புகளை நீரால் துடைத்து உலரவிடுவது, இவ்வளவுதான் மருந்து. எண்ணெயும் கெட்டியான களிம்பும் தடவினால் அடைப்பு கூடும். பவுடர் வேண்டவே வேண்டாம், பறக்கும் தூள் குழந்தையின் நுரையீரலுக்குள் போகும். பொரியில் சீழ் வைத்தாலோ காய்ச்சல் சேர்ந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெளியே போவதென்றால் காலையிலோ மாலையிலோ. ஆறு மாதம் ஆகாத குழந்தையை நேர் வெயிலிலிருந்து விலக்கியே வைக்க வேண்டும், சன்ஸ்கிரீன் தடவி வெயிலில் காட்டுவது அந்த வயதுக்குச் சரியான மாற்று இல்லை. நிழல், கைகால் மூடும் மெல்லிய உடை, அகல விளிம்புத் தொப்பி. தள்ளுவண்டியில் வெயில் படாமலிருக்க மேலே துணியைப் போட்டு மூடுகிறார்கள் பாருங்கள், அது நல்ல எண்ணத்தில் செய்யும் ஆபத்தான காரியம். துணி மெல்லியதாக இருந்தாலும் உள்ளே காற்றோட்டம் நின்று, வெளியே இருப்பதைவிடச் சூடாகும், குழந்தையின் முகமும் நம் கண்ணுக்குத் தெரியாது. குடையோ, காற்று புகும் பந்தலோ வைத்த வண்டியே நல்லது. மார்போடு கட்டித் தூக்கினால் உங்கள் சூடும் சேரும், அடிக்கடி பிடரியைப் பாருங்கள்.

அப்புறம் கார். நிறுத்திய காரில் குழந்தையை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக் கூடாது. வெளியே இதமான 22 டிகிரிதான் என்றாலும், ஒரு மணி நேரத்தில் மூடிய காருக்குள் 40-ஐத் தாண்டும். அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே நடந்துவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய மாற்றம் இருக்காது. குழந்தையின் உடம்பு பெரியவரைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகத்தில் சூடாகும். மறதி அன்பில்லாதவர்களுக்கு மட்டும் வருவதில்லை. தூக்கமில்லாத, வழக்கம் மாறிய ஒரு நாளில் யாருக்கும் வரும். அதனால் உங்கள் கைப்பையையோ, போனையோ, ஒரு செருப்பையோ பின் சீட்டில் குழந்தை பக்கத்தில் வைத்துவிட்டு ஓட்டுங்கள். இறங்கும்போது பின் கதவைத் திறந்தே ஆக வேண்டும். வெயிலில் நின்ற காரில் ஏற்றும்போது, சீட்டின் உலோகக் கொக்கியை முதலில் உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள், தோலைச் சுட்டுவிடும்.

உடம்பு கொதிக்கிறது, குழந்தை துவண்டு விழுகிறது, கூப்பிட்டால் சரியாகப் பார்ப்பதில்லை, வேகமாக மூச்சு விடுகிறது, வாந்தி அல்லது வலிப்பு. இப்படி இருந்தால் அது வெப்பத் தாக்கு. உடம்புச் சூடு 40 டிகிரியை எட்டியிருக்கலாம். அவசர உதவிக்குச் சொல்லிவிட்டு, உடையைக் கழற்றி, நிழலில் வைத்து, சாதாரணக் குளிர்ந்த தண்ணீரால் உடம்பு முழுவதும் நனைத்து விசிறுங்கள். பனிக்கட்டியிலோ ஐஸ் தண்ணீரிலோ முக்க வேண்டாம், ஸ்பிரிட் தடவ வேண்டாம். பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது. நினைவோடு இருந்தால் மட்டும் பால் கொடுங்கள்.

குளிர் காலத்தில்

பிறந்த முதல் நாளில்தான் குளிரின் ஆபத்து மிக அதிகம். ஈரத்தை உடனே துடைத்து, குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு தோல்மேல் தோலாக அணைத்து, இருவருக்கும் சேர்த்துப் போர்த்துவதுதான் மிகச் சிறந்த சூடு. முதல் குளியலை 24 மணி நேரம் கழித்துத் தருமாறு உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இப்படி அணைத்துக்கொள்ளும் கங்காரு முறை 1978-ல் கொலம்பியாவின் போகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் பற்றாத ஒரு மருத்துவமனையில் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கியது. இப்போது வசதி மிகுந்த மருத்துவமனைகளிலும் குறைமாதக் குழந்தைகளுக்கு இதைச் செய்கிறார்கள். அப்பாவும் செய்யலாம். வீட்டில் எந்தக் குளிர் இரவிலும் செய்யலாம், அணைத்திருப்பவர் விழித்திருந்தால் போதும்.

குளிர் நாளில் தினமும் குளிப்பாட்ட வேண்டிய கட்டாயமில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போதும், மற்ற நாட்களில் முகம், கழுத்து, அடிப்பகுதியைத் துடைத்துவிடுங்கள். குளிப்பாட்டும் நாளில் துண்டையும் உடையையும் முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, ஜன்னலைச் சாத்தி, அதன்பின் தண்ணீரைத் தொடுங்கள். 37 டிகிரி அளவு போதும். முழங்கையில் பட்டால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. துவட்டும்போது தலையில் தொடங்குங்கள்.

சளி குளிரால் வருவதில்லை, வைரஸால் வருகிறது. குளிர் காலத்தில் எல்லோரும் ஜன்னலை அடைத்து ஒரே அறையில் கூடியிருப்பதால் அது எளிதாகப் பரவுகிறது. அதனால் ஸ்வெட்டரைவிடச் சளியைத் தடுப்பது கை கழுவுவதும், இருமல் உள்ளவர்கள் குழந்தையை முத்தமிடாமல் இருப்பதும்தான். வீட்டுக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லத் தயங்காதீர்கள். பெரியவருக்கு வெறும் ஜலதோஷமாக வந்து போகும் ஆர்.எஸ்.வி. வைரஸ், சில மாதக் குழந்தையின் நுண்ணிய மூச்சுக்குழாய்களை வீங்கவைத்துவிடும்.

முதல் சில மாதங்களில் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுவார்கள். மூக்கடைத்தால் பால் குடிக்க முடியாமல் அழுவார்கள். பால் கொடுப்பதற்குச் சற்று முன்பு, குழந்தைகளுக்கான சலைன் சொட்டு மருந்தை ஒவ்வொரு நாசியிலும் ஓரிரு சொட்டு விட்டுத் துடைத்துவிடுங்கள். கற்பூரமும் மெந்தாலும் கலந்த களிம்பு இரண்டு வயதுக்குள் கூடாது. தேன் ஒரு வயதுக்குள் கூடாது. ஆவி பிடிக்க வைப்பதில் வெந்துபோகும் ஆபத்துதான் அதிகம்.

சளி இருக்கும்போது மூச்சை எண்ணிப் பாருங்கள். அழாமல், அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்தி வயிற்றின் ஏற்ற இறக்கத்தை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். குழந்தைகளின் மூச்சு சீராக இருக்காது, அதனால் கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் தப்பாகிவிடும். இரண்டு மாதத்துக்குள் 60 அல்லது அதற்கு மேல், இரண்டு முதல் பன்னிரண்டு மாதம்வரை 50 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேக மூச்சு, மருத்துவர் பார்க்க வேண்டும். மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, முனகல் சத்தம் வந்தாலோ, உதடு நீலமானாலோ அவசரம்.

அறையைச் சூடாக்குவதில் ஒரு விஷயம் உயிரோடு சம்பந்தப்பட்டது. மூடிய அறைக்குள் கரி, விறகு, மண்ணெண்ணெய் எரிக்கக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே கொன்றுவிடும். மின் ஹீட்டர் என்றால் தொட்டிலிலிருந்து தள்ளி வைத்து, தூங்கும் முன் அறையைச் சூடாக்கிவிட்டு அணைத்துவிடுவது நல்லது. வெந்நீர்ப் பையை குழந்தையின் படுக்கைக்குள் வைக்க வேண்டாம், மெல்லிய தோல் வெந்துபோகும். ஹீட்டர் காற்று தோலை உலர்த்தும். மணமில்லாத ஈரப்பசைக் களிம்பைக் குளித்தவுடன் தடவலாம்.

காரில் போகும்போது பஞ்சு அடைத்த தடித்த கோட்டைக் கழற்றிவிட்டுப் பெல்ட்டை மாட்டுங்கள். கோட்டின் மேல் மாட்டினால் இறுக்கமாகத் தெரியும், ஆனால் மோதலில் பஞ்சு அமுங்கிப் பெல்ட் தளர்ந்துவிடும். பெல்ட் மாட்டியபின் மேலே போர்த்துங்கள், கார் சூடானதும் எடுத்துவிடுங்கள்.

குளிர்ந்துபோன குழந்தை நடுங்காது, பெரிதாக அழவும் அழாது. அமைதியாகிவிடும். குரல் மெலியும், உறிஞ்சும் வேகம் குறையும், நெஞ்சு சில்லென்று இருக்கும். கன்னம் வெளுக்காமல் நன்றாகச் சிவந்தேகூட இருக்கலாம், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. 36.5-க்குக் கீழே காட்டினால் ஈர உடையை மாற்றி, தொப்பி போட்டு, தோலோடு தோலாக அணைத்துப் பால் கொடுங்கள். அரை மணி நேரத்தில் மறுபடி அளந்து பாருங்கள். 36-க்குக் கீழே என்றால், அல்லது குழந்தை குடிக்கவில்லை என்றால், காத்திராமல் கிளம்புங்கள். வழியெல்லாம் அதே அணைப்பில் வைத்திருங்கள், போகும் வழியிலும் சூடு ஏறிக்கொண்டே இருக்கும்.

மருத்துவரிடம் போகும்போது

வெயிலோ குளிரோ, மேலே சொன்ன எண்கள் எதையும் தாண்டாவிட்டாலும், குழந்தை வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்கவில்லை, எழுப்ப எழுப்பத் தூங்குகிறது, அழுகை மாறிவிட்டது என்று தோன்றினால் போய்க் காட்டுங்கள். தினமும் பார்க்கிறவர்களுக்கு வரும் இந்தச் சந்தேகத்தை நல்ல மருத்துவர் யாரும் அலட்சியம் செய்ய மாட்டார். போகும் முன் ஒரு தாளில் நான்கு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: கடைசியாக அளந்த வெப்பநிலையும் நேரமும், கடைசியாகப் பால் குடித்தது எப்போது, இன்று எத்தனை டயப்பர் நனைந்தது, அப்போது குழந்தை என்ன உடையில், எந்த அறையில் இருந்தது. முதல் கேள்விகள் பெரும்பாலும் இவைதான்.